குழந்தை பதில் சொன்ன பிறகு ஆசிரியை என்ன செய்கிறார்?

கேள்வி இது: "என் மகளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். அவள் பள்ளியில் மதியம்வரை மணல், தண்ணீர், கட்டைகள், கதை, பாட்டு என்றே பொழுது போகிறது. ஆசிரியை தரையில் உட்கார்ந்து குழந்தைகளோடு பேசிக்கொண்டே இருக்கிறார். நோட்டில் எதுவும் எழுதி வருவதில்லை. எங்கள் தெருவிலேயே இருக்கும் இன்னொரு பள்ளியில் அதே வயதுக் குழந்தை ஏ முதல் இசட் வரை எழுதுகிறது, ஐம்பது வரை எண்களை ஒப்பிக்கிறது. வெறும் பேச்சில் படிப்பு வருமா? பள்ளியை மாற்றிவிடலாமா?"

மாற்ற வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது அரைகுறையான பதில். மணலும் கட்டைகளும் இருப்பதாலேயே ஒரு பள்ளி நல்ல பள்ளி ஆகிவிடாது. குழந்தைகளை மணலில் விட்டுவிட்டு, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பதிவேடு எழுதும் ஆசிரியைகளும் உண்டு. பேச்சிலும் பல வகை இருக்கிறது. "உட்கார்", "பேசாதே", "வரிசையில் நில்" என்பதும் பேச்சுதான். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு இடத்தை: உங்கள் மகள் ஏதோ ஒன்றைச் சொன்ன பிறகு, ஆசிரியை அடுத்ததாக என்ன சொல்கிறார், என்ன செய்கிறார்? முன்பருவக் கல்வியின் தரத்தில் பெரும் பகுதி அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது என்பது, அங்கன்வாடிப் பணியாளர்களோடும் நர்சரி ஆசிரியைகளோடும் நெடுங்காலம் பயிற்சிப் பணியில் இருந்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்து. ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். கை கழுவிவிட்டு வரும் ஒரு பையன் வராந்தாவின் சிமெண்ட் தரையில் ஈரக் கையைப் பதிக்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்தத் தடம் மறைந்துவிடுகிறது. "டீச்சர், என் கை காணோம்!" என்று கத்துகிறான்.

"சரி சரி, உள்ளே வா, சாப்பாட்டு நேரம்" என்று ஆசிரியை சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. "வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிட்டது, கண்ணு" என்று சொன்னால் தகவல் சரி, கனிவும் இருக்கிறது; ஆனால் அதோடும் பேச்சு முடிந்துவிடுகிறது. பையன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். மூன்றாவது வழி ஒன்று உண்டு.

"அட, ஆமாம்! இப்போதுதானே இருந்தது. எங்கே போயிருக்கும்?"

"தரை குடித்துவிட்டது."

இந்தப் பதிலுக்கு அடுத்த நொடிதான் நான் சொல்லும் இடம். பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பையன் முட்டாள்தனமாக எதையும் சொல்லவில்லை. மணலில் தண்ணீர் ஊற்றினால் அது உள்ளே இறங்கிக் காணாமல் போவதைத் தினமும் பார்க்கிறான். அந்த அனுபவத்தைக் கொண்டு புதிய ஒன்றை விளக்கப் பார்க்கிறான். விவரம் தெரிந்த ஆசிரியை அந்த நூலைப் பிடித்துக்கொள்வார். "மணலில் ஊற்றும்போது அப்படித்தான் உள்ளே போகிறது. சரி, எவர்சில்வர் தட்டின்மேல் ஈரக் கையை வைத்தால்? தட்டும் குடிக்குமா?" பையன் யோசிப்பான், அல்லது "தட்டுக்கு வாய் இல்லை" என்பான். ஒரு தட்டை வெயிலிலும் இன்னொன்றை நிழலிலும் வைத்துப் பார்ப்பார்கள். எதில் முதலில் போகும் என்று ஆசிரியை கேட்பார். பக்கத்தில் நிற்கும் ஒரு பெண் குழந்தை, "எங்கள் அம்மா துணியை வெயிலில்தான் காயப் போடுவார்கள்" என்று உள்ளே நுழையும்.

எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதற்குள் அந்தக் குழந்தைகள் ஒரு காரணத்தை ஊகித்திருக்கிறார்கள், அது பொருந்துமா என்று சோதித்திருக்கிறார்கள், நடக்கப் போவதை முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் பார்த்ததைப் பள்ளியில் பார்த்ததோடு கோத்திருக்கிறார்கள். "ஆவியாதல்" என்ற சொல்லை இதற்குப் பிறகு கொடுத்தால் அது மனத்தில் ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. தகவலைச் சொல்லவே கூடாது என்று நான் வாதிடவில்லை. குழந்தை அதைத் தேடத் தொடங்கிய பிறகு சொன்னால் போதும் என்கிறேன்.

இதை வெறும் ஆசிரியப் பெருமை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சில ஆய்வுகளைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, 141 முன்பருவ மையங்களிலிருந்து சுமார் 3,000 குழந்தைகளைத் தேர்ந்து, அவர்கள் பள்ளிப் படிப்பு முழுவதும் பின்தொடர்ந்தது. கேத்தி சில்வா, ஐரம் சிராஜ்-பிளாட்ச்ஃபோர்டு ஆகியோர் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். குழந்தைகள் நன்றாக முன்னேறிய மையங்களில் என்ன வேறுபாடு என்று தனியாக உட்கார்ந்து பார்த்தபோது, ஆசிரியையும் குழந்தையும் ஒரே விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு சேர்ந்து சிந்திக்கும் உரையாடல்கள் அங்கே அதிகமாக இருந்தன. வராந்தாவில் நடந்ததாகச் சொன்னேனே, அந்த வகைப் பேச்சு. குழந்தை தானாகத் தொடங்கிய விளையாட்டுக்குள் ஆசிரியை புகுந்து அதை ஒரு படி மேலே கொண்டுபோவதும் அங்கே அடிக்கடி நடந்தது.

சங்கடமான செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது. 28 ஆசிரியர்கள் கேட்ட 5,808 கேள்விகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 94.5 சதவீதம் "இது என்ன நிறம்?", "நேற்று எங்கே போனாய்?", "உட்காருகிறாயா?" போன்றவை, ஒரே பதிலை எதிர்பார்ப்பவை. குழந்தை யோசித்துப் பலவிதமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் 5.5 சதவீதம்தான். ஓரளவு நல்ல மையங்களிலேயே இந்த நிலை என்பதை நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஏழைக் குழந்தைகளுக்காக 1965இல் தொடங்கப்பட்ட ஹெட் ஸ்டார்ட் மையங்களை, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பியான்டா குழுவினர் உருவாக்கிய ஒரு கவனிப்பு முறையால் அளக்கிறார்கள். கனிவு, வகுப்பு ஒழுங்கு, சிந்தனையைத் தூண்டும் பேச்சு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு மதிப்பெண். கனிவுக்கு ஆறை ஒட்டி வாங்கும் ஆசிரியைகள், சிந்தனைப் பகுதியில் மூன்றை ஒட்டியே நின்றுவிடுகிறார்கள். ஆசிரியைகள் அன்பாக இருக்கிறார்கள், வகுப்பு அமைதியாக நடக்கிறது, குழந்தையின் மூளைக்கு மட்டும் வேலை குறைவாக இருக்கிறது. நம் ஊர் வகுப்புகளைப் பார்த்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இன்னும் பழைய ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1984இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வில் பார்பரா டிசார்டும் மார்டின் ஹியூஸும் இங்கிலாந்தில் நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சைக் காலையில் நர்சரியிலும் பிற்பகலில் வீட்டிலும் ஒலிப்பதிவு செய்தார்கள். வீட்டில் அம்மாவிடம் அந்தச் சிறுமிகள் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டார்கள். நர்சரியில் ஆசிரியையிடம் கேட்டவை மணிக்கு இரண்டு. தொழிலாளர் குடும்பத்துச் சிறுமிகளிடமும் இந்த வேறுபாடு இருந்தது. வீட்டில் வாய் மூடாமல் கேள்வி கேட்கும் குழந்தையைப் பற்றி "வகுப்பில் வாயே திறப்பதில்லை" என்று ஆசிரியை சொல்வதன் மர்மம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கேள்வி கேட்பது ஆசிரியையின் வேலை, பதில் சொல்வது தன் வேலை என்பதைக் குழந்தை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறது.

அப்படியென்றால் ஆசிரியைகள் "ஏன்", "எப்படி" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதுமா? பயிற்சி வகுப்புகளில் இந்தத் தவறான மருந்தைத்தான் அதிகம் கொடுக்கிறோம். திறந்த கேள்விகளின் பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவோம். மறுநாள் ஆசிரியை, கட்டை அடுக்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் முன்னால் குந்தி, "இது என்ன? ஏன் இப்படி வைத்தாய்? வேறு எப்படி வைக்கலாம்? இடிந்தால் என்ன ஆகும்?" என்று அடுக்குவார். குழந்தை கட்டையை விட்டுவிட்டு எழுந்து போய்விடும். அது விசாரணை. கேள்வியே இல்லாத ஒரு சொல் பல நேரம் இதைவிடப் பெரிய வேலை செய்கிறது. "பெரிய கட்டையை அடியில் வைத்திருக்கிறாய்" என்று பார்த்ததை மட்டும் சொன்னால் போதும். "ஆமாம், சின்னதை வைத்தேன், விழுந்துவிட்டது" என்று குழந்தையே காரணத்தைச் சொல்லிவிடும். சில நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதே சரி. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் வழியில் பயின்ற ஆசிரியைகள் பேசுவதைவிடக் கவனிப்பதில்தான் அதிக நேரம் செலவிடுவார்கள். அது அலட்சியம் என்று பெற்றோர் தவறாக நினைப்பதும் உண்டு.

காத்திருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடி ஆக்கியபோது குழந்தைகளின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள், குழந்தைகள் தாமாகக் கேள்வி கேட்பதும் கூடியது. குழந்தை பேசி முடித்த பிறகும் அதேபோல் காத்திருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதில் பலரும் மறந்துவிடும் பாதி. நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்கவே நேரம் வேண்டும். முப்பது பேர் இருக்கும் அறையில் மூன்று நொடி மௌனம் ஆசிரியைக்கு மூன்று நிமிடமாகத் தோன்றும் என்பதும் உண்மை.

பிறகு, அந்த "வெரி குட்". தமிழ்நாட்டு நர்சரிகளில் அதிகம் புழங்கும் இரண்டு சொற்கள் இவையாகத்தான் இருக்கும். "இது என்ன?" "யானை." "வெரி குட், கை தட்டுங்கள்." இதில் தீங்கு எதுவும் இல்லை, குழந்தைக்கு மகிழ்ச்சிதான். ஆனால் "வெரி குட்" சொன்னவுடன் பேச்சுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. "யானையா? அதன் தும்பிக்கை இவ்வளவு நீளமாக இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?" என்று கேட்டிருந்தால் அதே நேரத்தில் இன்னும் இரண்டு பேர் பேச வந்திருப்பார்கள். தவறான பதிலுக்கும் இது பொருந்தும். "தப்பு, அடுத்தவர் சொல்லுங்கள்" என்று நகரும் ஆசிரியைக்கு அந்தக் குழந்தை எப்படி அந்தப் பதிலுக்கு வந்தது என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை.

உதவி செய்வதிலும் அளவு இருக்கிறது. 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் 21 மரக்கட்டைகளைக் கோத்துக் கூம்புக் கோபுரம் கட்டும் வேலையை மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்து, பக்கத்திலிருந்து உதவும் பெரியவர் என்ன செய்கிறார் என்று பதிவு செய்தார்கள். குழந்தை தடுமாறும்போது உதவியைக் கூட்டுவது, கை பழகியதும் குறைப்பது என்பதுதான் அதன் சாரம். இதற்கு மரக்கோபுரம் தேவையில்லை. டிபன் பாக்ஸ் மூடி போதும். திறக்க வராத குழந்தையிடமிருந்து பாக்ஸை வாங்கி ஆயா திறந்து கொடுத்துவிட்டால் சாப்பாடு சீக்கிரம் முடியும். "ஒரு கையால் கீழே பிடித்துக்கொள், தங்கம், இன்னொரு கையால் அந்தக் காதைத் தூக்கு" என்று சொல்லிப் பார்ப்பது அடுத்த படி. அதற்கும் வரவில்லை என்றால் ஒரு பக்கக் காதை மட்டும் தூக்கிவிட்டு மறு பக்கத்தைக் குழந்தையிடமே விடுவது அதற்கு அடுத்தது. எந்தக் குழந்தைக்கு எந்தப் படி என்பது ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் நுட்பம், ஆனால் பாடத்திட்டப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் கிடையாது.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, அங்கேயே கொஞ்சம் நிற்கலாம். ஒரு நாளில் அதிகம் வீணாகும் நேரமும் அதிகம் கற்கக்கூடிய நேரமும் அதுதான் என்று நினைக்கிறேன். அங்கன்வாடியில் முட்டை தரும் நாள். பதினெட்டுக் குழந்தைகள், தட்டில் பதினாறு முட்டை. ஆசிரியை எண்ணாமல் ஒரு குழந்தையிடம், "எல்லோருக்கும் வருமா, பார்த்துச் சொல்" என்று கொடுத்துப் பார்க்கட்டும். ஒருவருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போய்க் கடைசியில் இரண்டு பேர் கை ஏந்தி நிற்கும்போது, "குறைகிறது" என்பது குழந்தைக்கு நிஜமான பிரச்சினை. இன்னும் எத்தனை வேண்டும்? உள்ளே போய் எத்தனை கேட்க வேண்டும்? முட்டையைப் பாதியாக்கினால் எத்தனை துண்டு? ஐம்பது வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு இந்த இரண்டு முட்டையின் கணக்கு வராமல் போவதை அடிக்கடி பார்க்கலாம். ஒப்பிப்பது பாட்டு, இது கணக்கு.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பருவ ஆசிரியைகள் ஒரு மணி நேரத்தில் எண், அளவு, வடிவம் சார்ந்து எத்தனை முறை பேசுகிறார்கள் என்று எண்ணினார்கள். ஒருவர் ஒரே ஒரு முறை பேசியிருந்தார். இன்னொருவர் நூறு முறைக்கும் மேல். கணிதப் பேச்சு அதிகமாக இருந்த வகுப்புக் குழந்தைகள் அந்த ஆண்டின் முடிவில் எண்ணறிவில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அந்த மாதிரிப் பேச்சு பாட நேரத்தில்தான் வர வேண்டும் என்பதில்லை; பொருள்களை எடுத்து வைக்கும்போதும் பங்கு கொடுக்கும்போதும் போகிற போக்கிலும் வரலாம்.

சொல்வளமும் சாப்பாட்டில்தான் வளரும். அமெரிக்காவில் டேவிட் டிக்கின்சன் குழுவினர் வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளை நான்காம் வகுப்புவரை பின்தொடர்ந்து, முன்பருவ ஆசிரியை பேசிய மொழியின் தரத்துக்கும் பின்னாளைய வாசிப்புத் திறனுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். விளையாட்டின்போது ஆசிரியை பயன்படுத்திய, அன்றாடம் அவ்வளவாகப் புழங்காத சொற்களும் அதில் ஓர் அங்கம். முட்டை ஓடு, வெள்ளைக் கரு, மஞ்சள் கரு, உடைவது, விரிசல் விடுவது, உரிவது, ஒட்டிக்கொள்வது: ஒரு முட்டையில் இத்தனை சொல் இருக்கிறது. "பேசாமல் சாப்பிடு" என்ற ஒரே கட்டளையால் அத்தனையும் போய்விடும்.

கதை சொல்வதைப் பற்றிச் சுருக்கமாக. பாட்டி வடை சுட்ட கதையை எல்லா ஆசிரியையும் சொல்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டு, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று நீதியைக் கேட்பதுதான் வழக்கம். குழந்தைகளுக்கு நீதியைவிட வேறு கவலைகள் உண்டு: பாட்டிக்கு வடைக்கான காசை யார் கொடுப்பார்கள்? காக்கை ஏன் வடையைக் காலுக்கடியில் வைத்துவிட்டுப் பாடவில்லை? நரிக்கு நிஜமாகவே பாட்டுப் பிடிக்குமா, பொய்யா? கடைசிக் கேள்வி மிக ஆழமானது. ஒருவர் மனத்தில் இருப்பதும் வாயால் சொல்வதும் வேறாக இருக்கலாம் என்பதைக் குழந்தைகள் நான்கு வயதை ஒட்டித்தான் பிடிக்கத் தொடங்குகிறார்கள். கதையை நடுவில் நிறுத்தி அந்தக் கவலைகளைப் பேச விடும் ஆசிரியை ஒரே கதையை ஒரு வாரம் நடத்துவார். பெற்றோர், "ஒரு வாரமாக ஒரே கதையா?" என்று புகார் செய்வார்கள்.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதாத, ஆனால் நம் ஊரில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஒன்றுக்கு வருகிறேன்: ஆங்கிலம். "எங்கள் வளாகத்தில் ஆங்கிலம் மட்டுமே" என்று பெருமையாகச் சொல்லும் நர்சரிகளில் நான் பார்த்த பேச்சு பெரும்பாலும் பத்துப் பதினைந்து கட்டளைகளுக்குள் சுருங்கியது. சிட் டவுன், ஸ்டாண்ட் அப், கீப் கொய்ட், ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். ஆசிரியைக்கே ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராத இடத்தில், "தரை குடித்துவிட்டது" என்ற பதிலுக்கு அவர் எந்த மொழியில் அடுத்த வரியைத் தொடுப்பார்? குழந்தைக்கோ அந்தப் பதிலைச் சொல்லவே மொழி இல்லை. கடைசியில் இருவருக்கும் எளிதானது பெயர்ச்சொல் பட்டியல்: ஆப்பிள், பால், கேட். ஆங்கிலம் கற்பிப்பதற்கு நான் எதிரி அல்ல. பாட்டாகவும் விளையாட்டாகவும் அது வரட்டும், சரளமாகப் பேசும் ஆசிரியை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் குழந்தை யோசிக்கிற மொழியில், அது வீட்டில் பேசுகிற வழக்கில், அது யோசித்ததைச் சொல்ல இடமில்லாத வகுப்பில் சிந்தனையை வளர்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. "அப்படிச் சொல்லக் கூடாது, சரியாகச் சொல்" என்று வீட்டு வழக்கைத் திருத்துவதிலேயே குறியாக இருக்கும் தமிழ் ஆசிரியைகளும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். தெலுங்கோ உருதுவோ இந்தியோ வீட்டில் பேசும் குழந்தைகள் இருக்கும் அறையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஆசிரியையின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. இந்தியாவில் அங்கன்வாடிகளின் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. அன்றிலிருந்து ஒரே பணியாளர் சத்துணவு, எடை, தடுப்பூசி விவரம், கர்ப்பிணிகளுக்கான சத்துமாவு, பதிவேடுகள் என எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மீதி நேரத்தில் முன்பருவக் கல்வியும் தர வேண்டும். இப்போது செல்பேசிச் செயலியில் பதிவிடுவதும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற நல்ல செயல்பாட்டுக் கலைத்திட்டம் கையில் இருந்தும், அதை நடத்த ஆள் உட்கார முடிவதில்லை.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சோதனை நடந்தது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு முன்பருவக் கல்வியை மட்டும் பார்த்துக்கொள்ள அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை அமர்த்தினார்கள். கற்பித்தலுக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு அந்த மையக் குழந்தைகள் மொழியிலும் கணிதத்திலும் தெளிவாக முன்னே நின்றார்கள். பழைய பணியாளருக்குச் சத்துணவு வேலைக்கு நேரம் கிடைத்ததால் குழந்தைகளின் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. கட்டடமோ கணினியோ வாங்கவில்லை, ஓர் ஆள்தான் கூடியது. முப்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியை என்று நடத்திக்கொண்டு "உரையாடுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை.

கட்டணம் வாங்கும் தனியார் நர்சரியில் இதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அசாம், ராஜஸ்தான், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் குழந்தைகளை நான்கு வயது முதல் எட்டு வயதுவரை தொடர்ந்து பார்த்து 2017இல் வெளிவந்த ஆய்வு, அங்கன்வாடிகள், தனியார் பள்ளிகள் இரண்டுமே பெரும்பாலும் வயதுக்கேற்ற கல்வியைத் தரவில்லை என்றது. அங்கன்வாடியில் விளையாட்டும் குறைவு, பாடமும் குறைவு. தனியாரில் ஒன்றாம் வகுப்புப் பாடத்தைக் கீழே இறக்கிவைத்திருந்தார்கள்.

இனி உங்கள் மகள். எழுத்துக்கு அவசரம் வேண்டாம். நான்கு வயதில் விரல்களும் மணிக்கட்டும் பென்சிலைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பலருக்கும் பழகியிருக்காது; மணல் பிசைவதும் புளியங்கொட்டை பொறுக்குவதும் அதற்கான பயிற்சிதான். எழுத்து இருக்கட்டும், ஒலி முக்கியம். "கா" என்று தொடங்கும் சொற்களைத் தேடி விளையாடுகிறாளா, பாட்டில் எதுகை மாறினால் கண்டுபிடிக்கிறாளா என்று பாருங்கள். அது இருந்தால் வாசிப்பு பின்னால் வரும். யு.கே.ஜி. முடியும்போதும் பள்ளி எழுத்துப் பக்கமே போகவில்லை என்றால் அப்போது ஆசிரியையிடம் கேட்க வேண்டும்.

வீட்டில், "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். "இன்று யார் அழுதார்கள், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் முதலில் சொன்ன இங்கிலாந்து ஆய்வில், பெற்றோர் யார், என்ன படித்தவர்கள் என்பதைவிட வீட்டில் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பது முக்கியமாக இருந்தது.

பள்ளியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆண்டுவிழாவில் வேண்டாம், சாதாரண நாளில், சாப்பாட்டு நேரத்தைச் சேர்த்து. ஆசிரியை பேசுவது அதிகமா, குழந்தைகள் பேசுவது அதிகமா? குழந்தை சொன்னதை எடுத்து ஆசிரியை அடுத்த வரியைத் தொடுக்கிறாரா, "வெரி குட்" சொல்லி நகர்கிறாரா? குழந்தையின் உயரத்துக்குக் குனிகிறாரா? மூன்று சக்கர வண்டிக்காக இரண்டு பேர் சண்டை போட்டால், வண்டியைப் பிடுங்கி உள்ளே வைக்கிறாரா, இருவரையும் சொல்ல வைத்து "என்ன செய்யலாம்?" என்று அவர்களிடமே விடுகிறாரா? முக்கியமாக, எப்போதும் ஓரத்தில் இருக்கும் அந்த ஒரு குழந்தையிடம் அந்த அரை மணி நேரத்தில் யாராவது ஒரு முறையாவது உட்கார்ந்து பேசினார்களா? உங்கள் கடிதத்தில் உள்ளபடி ஆசிரியை தரையில் உட்கார்ந்து பேசுகிறவர் என்றால் இவற்றில் பாதிக்காவது நல்ல பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். தெருவில் இருக்கும் அந்த இன்னொரு பள்ளியிலும் இதே அனுமதியைக் கேட்டுப் பாருங்கள். கேட் அருகிலேயே நிறுத்தி, எழுதிய நோட்டுகளை மட்டும் எடுத்துக் காட்டினால், மாற்றும் யோசனையை அதோடு விட்டுவிடலாம்.